ஐஸ் பேக் சலசலக்கும் வரை

கிளினிக் நாளென்றால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஆட்கள் கூடும் முன்பே என் வேலை தொடங்கிவிடும். உறைபெட்டியிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்புவேன். அவை கல்லாக இறுகியிருக்கும். அப்படியே தடுப்பூசிப் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. அவ்வப்போது ஒன்றைக் காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் வைக்கலாம். வெயில் ஊரில் இதற்கு ஒரு மணி நேரம் போதும். நுவரெலியாவின் தை மாதத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும்.

1982இல் மருத்துவ மாதாகச் சேர்ந்த நான் பணிக்காலம் முழுவதும் தேயிலைத் தோட்டங்களில்தான் இருந்தேன். தடுப்பூசி வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரிலும் கெடும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தது இந்த மலை. ஏற்பு ஊசி மருந்தும், குழந்தைகளின் முக்கூட்டு மருந்தும் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அந்த உப்பு திரண்டுவிடும், மருந்தின் பலன் குறைந்துவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. போலியோ சொட்டு மருந்து இதற்கு நேர்மாறு. அது உறைபனியைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. இரண்டையும் ஒரே பெட்டியில் சுமந்துகொண்டுதான் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாக ஏறினோம்.

இந்தச் சுமை எங்கள் காலத்தில் தொடங்கியதல்ல. பெரியம்மைக்கு எதிராக எட்வர்ட் ஜென்னர் கண்ட அம்மைப்பால் பாக்தாத், பஸ்ரா வழியாக பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் அது பிடித்தது. அதே ஆண்டிலேயே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அப்போது ஐஸ் இல்லை, பெட்டி இல்லை. குத்திய இடம் கொப்புளமானதும் அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். வழியில் மருந்து சாகாமல் காத்தவை குழந்தைகளின் உடல்களே.

பிறகு கோப்பி வந்தது, அதன்பின் தேயிலை வந்தது. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த கூலிகளோடு அம்மையும் கொலராவும் வந்துவிடுமென்று அரசாங்கமும் துரைமாரும் அஞ்சினார்கள். 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. இருபதாம் நூற்றாண்டில், இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையில் நடத்திய மண்டபம் கேம்பில் ஆட்களைச் சில நாள் தடுத்துவைத்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினார்கள். என் அப்பாயி அப்படி வந்தவர். இடது புயத்தில் காசளவு தழும்பு இருந்தது. "கேம்புல போட்ட முத்திரைடி இது" என்பார். அந்த ஊசி அவரைக் காத்தது உண்மை. ஆனால் அவர்கள் காக்க நினைத்தது தோட்டத்தை.

லயத்துக் குழந்தைக்காகவே தடுப்பூசி வர நெடுங்காலம் ஆனது. கர்ப்பிணிகளுக்கு ஏற்பு ஊசி போடும் திட்டம் இலங்கையில் 1969இல் தொடங்கியது. எழுபதுகளில் தோட்டத்துச் சிசு மரணம் நாட்டின் சராசரியைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. பிறந்து ஒரு வாரத்துக்குள் வாய் இறுகி, உடல் வில்லாக வளைந்து ஏற்பு நோயில் இறந்த பிள்ளைகளைப் பற்றிக் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் வந்தது. 1984இல் சின்னமுத்து ஊசி சேர்ந்தது. 1993க்குப் பிறகு இந்நாட்டில் போலியோ இல்லை. 1996இல் உலகெங்கும் போலியோ குப்பிகளின் மேல் சூடு பட்டால் கறுக்கும் சிறு சதுரம் ஒட்டப்பட்டு வரத் தொடங்கியது. சூட்டை அது காட்டிக்கொடுத்தது. உறைந்ததை அது காட்டாது. அதற்கு எங்கள் கண்ணும் கையும்தான்.

ஒரு தை மாதம், தேயிலைக் கொழுந்தின்மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்த காலை. அன்று ஐஸ் பேக்குகளை யாரோ அவசரத்தில் இறுகலாகவே அடுக்கியிருந்தார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் பெட்டியைத் திறந்தேன். முக்கூட்டுக் குப்பி ஐஸ் பேக்கை ஒட்டிக்கிடந்தது. நன்றாகக் குலுக்கிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒரே சீராகக் கலங்கியிருக்க வேண்டிய மருந்தில், திரிந்த பாலைப் போலத் துணுக்குகள் மிதந்து மளமளவென்று அடியில் இறங்கின. போடவில்லை. வரிசையில் இருந்தவர்கள் மலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த தாய்மார். "மிஸ்ஸி, இன்னைக்கு அரைப்பேர்தான் விழும். நாளைக்கும் வரச் சொன்னா எப்புடி?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் இடுப்பில் இருந்த பிள்ளைக்கு மூன்று மாதம். அடுத்த கிளினிக்குக்கு அவள்தான் முதலில் வந்தாள். அவளுக்கு மறுபடியும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது.

அன்றிலிருந்து நான் ஒன்றை நம்புகிறேன். குளிர்ச் சங்கிலி என்று புத்தகத்தில் படிப்பது கொழும்புக் களஞ்சியத்தில் தொடங்கி என் பெட்டியில் முடிவதில்லை. கடைசிக் கண்ணி அந்தத் தாயின் கால்கள். 1802இல் குழந்தைகளின் கை, மண்டபத்தில் அப்பாயியின் புயம், பிறகு இவளுடைய அரைநாள் சம்பளம். எந்தக் காலத்திலும் விலை கொடுத்துத் தடுப்பூசியைக் காத்தவர்கள் ஏழைகள்தான்.

இன்று வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எவ்வளவு நேரமானாலும் ஐஸ் பேக் சலசலக்கும் வரை காத்திருங்கள். சந்தேகம் வந்தால் போடாதீர்கள். தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்கு ஊசி போட வரும் நாளில் அந்தத் தாய்க்கு முழுப்பேர் போடுங்கள்.