அடுக்களை வாசலில் நின்ற சட்டம்: வாடகை வீடும் விறகடுப்பும்

1905-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்குமாக வங்கப் புகைத் தொல்லைச் சட்டம் இயற்றப்பட்டது. 1863-லேயே அந்நகரங்களுக்கு இத்தகைய சட்டம் ஒன்று இருந்தது. அதன் போதாமையே புதிய சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆலைக் கொதிகலன்களின் கரும்புகையே அதன் இலக்கு. ‘உலை’ என்பதை வரையறுக்கும்போது அது இரண்டிற்கு விலக்களித்தது: பிணம் எரிக்கும் தீ, தொழிலுக்காக அன்றித் தனியார் வீட்டில் எரியும் தீ. சுடுகாட்டையும் சமையலறையையும் அரசு ஒரே வாக்கியத்தில் தன் கண்காணிப்புக்கு வெளியே நிறுத்தியது.

அரசு நுழையாத அந்த இடத்தில் வீட்டு உரிமையாளர் நுழைந்தார். இந்திய நகரங்களின் வாடகை வீடுகளில் ‘விறகு எரிக்கக் கூடாது’ என்ற நிபந்தனை பெரும்பாலும் வாய்மொழியாகவும், சில வேளை ஒப்பந்த வாசகமாகவும் வழங்கி வந்துள்ளது. அதற்குச் சட்டப் பின்புலம் இல்லாமல் இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, குத்தகைதாரர் அவ்விடத்தைத் தன் சொந்த உடைமையைப் போல விவேகத்துடன் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அதற்கு நிலையான கேடு விளைவிப்பதையும் தடுக்கிறது. 1947-ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவதை வெளியேற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக்கியது. எனினும் சமைப்பது குடியிருப்பின் இயல்பான பயன்பாடு. அது எந்தக் கட்டத்தில் ‘கேடாக’ மாறுகிறது என்பதே தகராறின் வேர்.

இத்தடையை உரிமையாளரின் பிடிவாதமாக மட்டும் காண்பது சரியன்று. சிற்றூர் வீட்டில் முற்றமும் ஓட்டுக்கூரையின் இடுக்குகளும் புகைக்கு வழிவிட்டன. 1896-ஆம் ஆண்டுப் பிளேக்குக்குப் பின் 1898-இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலான பகுதிகளை இடித்துச் சால்களையும் கட்டியது. சால் என்பது ஒரு தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அமைந்த ஒற்றையறை வீடுகள். அங்கே ஒருவர் அடுப்பின் புகை அடுத்தவர் அறைக்குள் போகும். சுண்ணாம்புச் சுவரில் கரி படியும். மரத்தாலான மாடிப் பகுதிகளில் தீயச்சமும் உண்டு. ஊரில் பழகிய அடுப்பை நகரின் கட்டடம் தாங்கவில்லை.

ஆனால் அடுப்பு வெறும் சமையற் கருவியன்று. பொதுச் சமையலறையில் உண்டு சேர்ந்து வாழ்வோரையே இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு ‘குடும்பம்’ என எண்ணுகிறது. இந்தியில் ‘சூல்ஹா தனியாயிற்று’ என்றால் குடும்பம் பிரிந்தது என்று பொருள். அச்சொல்லின் மூலமான ‘சுல்லி’ என்னும் வடசொல்லை, பர்ரோவும் எமனோவும் தமிழின் ‘சுள்ளை’, ‘சூளை’ ஆகியவற்றோடு ஒப்பிட்டுள்ளனர். அடுப்பை மறுப்பது, ஒரு வகையில், குடும்பமாக வாழும் அடையாளத்தைத் தொடுவதாகிறது.

மறுபக்கம், விறகுப் புகையின் தீங்கு ஐயத்திற்கு இடமற்றது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு 1953-லேயே புகையில்லா அடுப்புக்கான வடிவமைப்பை வெளியிட்டார். 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் கிர்க் ஸ்மித் குழுவினர் செய்த அளவீடுகள், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையின் கடுமையை வெளிக்கொணர்ந்தன. 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஏற்கப்படாத எரிபொருளைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு வழங்கியது. 1905-இல் அடுக்களை வாசலில் நின்ற சட்டம், கோட்பாட்டளவிலேனும் வாசலைக் கடந்தது.

ஆகவே கேள்வி, தடை நியாயமானதா என்பதன்று. மாற்று யார் கைக்கு எட்டியது என்பதே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறக் குடும்பங்களில் 65 விழுக்காட்டினர் சமையல் எரிவாயுவையும், 20.1 விழுக்காட்டினர் விறகையும் பயன்படுத்தினர். எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்று தேவைப்பட்டது. எழுத்து ஒப்பந்தம் தர மறுக்கும் உரிமையாளரிடம் குடியிருப்பவருக்குச் சான்று கிடைக்காது. சான்றின்றி உருளை கிடைக்காது. உருளையின்றி அவர் விறகை நாடினால், அதே உரிமையாளர் அதையும் தடுப்பார். புலம்பெயர் தொழிலாளர் இந்த முடிச்சில்தான் சிக்கினர். 2016-இல் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம், 2021-ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டத்தில்தான் புலம்பெயர்ந்தோர் தம் உறுதிமொழியையே முகவரிச் சான்றாக அளிக்கலாம் என்றது.

அதே 2021-இல் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், உரிமையாளர் நிறுத்தக்கூடாத இன்றியமையாச் சேவைகளுள் குழாய்வழிச் சமையல் எரிவாயுவையும் சேர்த்தது. குழாய் வந்து சேர்ந்த வீட்டின் அடுப்புக்கு அது பாதுகாப்பு. குழாய் எட்டாத ஒற்றையறையில், என்ன எரிப்பது என்பதை இன்றும் உரிமையாளரின் வாய்ச்சொல்லே தீர்மானிக்கிறது. புகையை ஒழிக்கும் பொறுப்பு சமூகத்துடையது. அதன் விலையை வாடகைக்கு இருப்பவரிடம் மட்டும் வாங்குவது அறமாகாது.