சான்றிதழும் சுங்கச்சாவடியும்

அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தொலைவிலுள்ள பெற்றோரும் நாடும் பள்ளி. ஆனால் பள்ளி மாறும் குழந்தைக்குத் தூரத்தைவிடப் பெரிய தடை ஒரு காகிதம்: மாற்றுச் சான்றிதழ்.

1966இல் கோத்தாரி குழு அருகமைப் பொதுப்பள்ளியைப் பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்றது. ஆயினும் கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழை முடக்கும் வழக்கம் ஓயவில்லை. கொரோனாக் காலத்தில் வருமானம் இழந்த பலர் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்ற முனைந்தபோது அதன் கொடுமை வெளிப்பட்டது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சான்றிதழ் பாக்கி வசூலிக்கும் கருவியன்று, அதில் பாக்கியைக் குறிக்கவும் கூடாது என்று தீர்ப்பளித்தது. கடன் பெற்றோருடையது, கல்வி குழந்தையுடையது. இவ்வெளிய உண்மையை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்ததுதான் நம் காலத்தின் அவலம்.