ஐம்பத்து மூன்றாவது திங்கட்கிழமை: பிரிட்டன் வீட்டுவசதிச் சங்கங்களில் வாடகை கட்டும் முறைகளின் வரலாறு

2024 ஏப்ரல் 1 திங்கட்கிழமை. 2025 மார்ச் 31-உம் திங்கட்கிழமை. அந்த நிதியாண்டில் 53 திங்கட்கிழமைகள் வந்தன. திங்கட்கிழமைதோறும் வாடகை கட்டுவதாக ஒப்பந்தம் செய்திருந்த பிரிட்டன் வீட்டுவசதிச் சங்கக் குடித்தனக்காரர்கள் பலருக்கு 53 வார வாடகை விழுந்தது. அவர்களில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவி பெறுவோருக்கு ஆண்டுக்கு 52 வாரம் என்று கணக்கிட்டு, அதைப் பன்னிரண்டாக வகுத்து மாதந்தோறும் பணம் வந்தது. விடுபட்ட ஒரு வார வாடகையை அவர்கள் தங்கள் கையிலிருந்து போட வேண்டியிருந்தது.

இந்த ஒரு வாரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். வாடகை எவ்வளவு என்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அது எந்தக் கிழமையில், எவர் கையில், எந்த வழியாகச் சேர்ந்தது என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கட்டும் முறை மாறியபோதெல்லாம், பாக்கி விழுந்தால் சுமப்பவர் யார், அது முதலில் யார் கண்ணில் படும் என்பவையும் கூடவே மாறியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டன் தொழிலாளிக்குக் கூலி வாரக்கூலி. கூலியை நாணயமாகவே தர வேண்டும் என்றது 1831-ஆம் ஆண்டின் டிரக் சட்டம். வாரம் ஒருமுறை காசு வந்த வீட்டில் வாடகையும் வாரம் ஒருமுறை போயிற்று. 1862-இல் தொடங்கப்பட்டு, 1864-இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் முதல் குடியிருப்பைத் திறந்த பீபடி அறக்கட்டளையும் வார வாடகைதான் வாங்கியது. வளாகத்திலேயே தங்கியிருந்த மேற்பார்வையாளர் அதை வசூலித்தார்.

இந்த வசூலையே ஒரு தொழில்முறையாக வளர்த்தவர் ஆக்டேவியா ஹில். 1865-இல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின், மேரில்போனில் பாரடைஸ் பிளேஸ் என்ற இடத்தில் மூன்று வீடுகளின் குத்தகையை வாங்கி அவரிடம் ஒப்படைத்தார். முதலுக்கு ஐந்து விழுக்காடு வருமானம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஹில்லும் அவர் பயிற்றுவித்த பெண்களும் வாரந்தோறும் கதவைத் தட்டி வாடகை வாங்கினார்கள். ஒழுகும் கூரையும் அடைத்துக்கொண்ட சாக்கடையும் அவர்கள் கண்ணில் பட்டன. வேலை இழந்தவருக்கு அதே கட்டடத்தில் சுண்ணாம்பு அடிக்கும் வேலை கிடைத்தது. ஒவ்வொரு வீட்டின் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்கிய தொகையில் மிச்சம் இருந்தால், அதை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பவரையே கேட்டார்கள். பாக்கி விஷயத்தில் மட்டும் ஹில் விட்டுக்கொடுக்கவில்லை. வாடகை தொடர்ந்து தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இதை வெறும் கருணை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வாடகை வாங்க வந்தவர் குடும்பத்தின் நடத்தையையும் எடைபோட்டார். லண்டன் கோபுரத்துக்கு அருகே கேத்தரின் பில்டிங்ஸில் 1885 முதல் வாடகை வசூலித்த பியாட்ரிஸ் பாட்டரும் எல்லா பைக்ராஃப்ட் என்பவரும் அங்கே குடியிருந்தவர்களைப் பற்றி ஒரு பேரேடே எழுதி வைத்தார்கள். பின்னாளில் பியாட்ரிஸ் வெப் என்று அறியப்பட்ட அந்த வசூல்காரர் உருவாக்கத் துணைநின்ற லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அது இன்றும் இருக்கிறது. கண்காணிப்பும் அக்கறையும் ஒரே ஆளின் உருவில் ஒரே வாசலுக்கு வந்தன. பாக்கி என்பது அங்கே முகம் தெரிந்தவரின் கஷ்டம். அதை மறைக்கவும் முடியாது, மற்றவர் காணாமல் விடவும் முடியாது.

வாசல் குடியிருப்பவர்களுக்கும் பலமாக இருந்தது. 1915-இல் தனியார் வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தியபோது, கிளாஸ்கோவில் மேரி பார்பர் போன்ற பெண்களின் தலைமையில் சுமார் 20,000 குடும்பங்கள் உயர்வைக் கட்ட மறுத்தன. வெளியேற்ற வந்த அதிகாரிகளைத் தெருவிலிருந்த பெண்கள் மணியடித்துத் திரண்டு தடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. பணம் ஆளுக்கு ஆள், வாசலுக்கு வாசல் கைமாறிய காலத்தில்தான் இப்படிக் கூட்டாக மறுப்பது எளிதாயிற்று என்பது என் கணிப்பு.

கையால் கொடுத்த காசுக்குச் சாட்சி வாடகைப் புத்தகம். வார வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டுக்காரர் அந்தப் புத்தகம் தர வேண்டும் என்று 1962-ஆம் ஆண்டின் சட்டம் வற்புறுத்தியது. 1985-ஆம் ஆண்டின் சட்டமும் அதைத் தொடர்ந்தது. மாத வாடகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாரம் என்ற அலகைச் சட்டமே இப்படி ஊன்றி வைத்தது.

அதற்குள் கூலி தரும் விதம் மாறத் தொடங்கியிருந்தது. தொழிலாளி சம்மதித்தால் காசோலையாகத் தரலாம் என்றது 1960-ஆம் ஆண்டின் கூலிச் சட்டம். 1968-இல் தபால் நிலையங்கள் வழியாக நேஷனல் ஜைரோ என்ற பணப்பரிமாற்றச் சேவை வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டைரக்ட் டெபிட்டும் அந்தப் பத்தாண்டில் பிறந்ததுதான். 1974-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அரசு மானியத்தைத் திறந்துவிட, சங்கங்கள் வேகமாகப் பெருகின. வீடுகள் பெருகப் பெருக, பணப்பையோடு தெருத்தெருவாக நடக்கும் வசூல் செலவு மிக்கதாகவும் ஆபத்தானதாகவும் ஆயிற்று. வசூல்காரர் மெல்ல மறைந்தார்.

அடுத்த பெரிய மாற்றம் அரசிடமிருந்து வந்தது. 1982-83-இல் அறிமுகமான ஹவுசிங் பெனிஃபிட் என்ற வாடகை உதவித்தொகை, குடித்தனக்காரர் சம்மதித்தால் நேராகச் சங்கத்துக்கே போகலாம். அந்தப் பணம் பலருடைய கையில் படவே இல்லை. வறியவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே காலத்தில் பாக்கிக்கான தண்டனை மட்டும் கடுமையாயிற்று. 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி 13 வார வாடகை பாக்கி இருந்தால் நீதிமன்றம் வெளியேற்றியே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. 1996-ஆம் ஆண்டின் சட்டம் அதை எட்டு வாரமாகக் குறைத்தது.

உதவித்தொகை இல்லாமல் சொந்தமாகக் கட்டியவர்களுக்கு 1990-களில் புது வழிகள் கிடைத்தன. சங்கம் தந்த பிளாஸ்டிக் அட்டையைக் கடையில் இழுத்துக் காசு கட்டினால் ரசீது வரும். 1996-இல் தொடங்கிய பேபாயின்ட்டின் இயந்திரங்கள் தெருமுனைக் கடைகளில் முளைத்தன. லண்டனில் அத்தகைய கடைகளில் பல இலங்கைத் தமிழர்கள் நடத்துபவை. பாலும் ரொட்டியும் வாங்க வந்தவர் அதே கல்லாவில் வாடகையும் கட்டிப் போனார். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கும், கணக்கிலிருந்து தானாகப் பணம் போவதை நினைத்துப் பயந்தவருக்கும் இது பெரிய உபகாரம். டைரக்ட் டெபிட் வருகிற நாளில் கணக்கில் பணம் குறைந்தால் வங்கி அபராதம் போடும். காசாகக் கட்டுபவருக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கடைக்காரர் ரசீது தரலாமே தவிர, ஒருவர் வாடகை கட்ட வராத வாரத்தை அவர் கவனிக்க வழியில்லை.

2013 ஏப்ரலில் ஆஷ்டன்-அண்டர்-லைனில் தொடங்கிய யுனிவர்சல் கிரெடிட் இந்த வரலாற்றைத் திருப்பிப் போட்டது. உதவித்தொகை இனி மாதம் ஒருமுறை, வாடகைப் பங்கையும் சேர்த்து, குடியிருப்பவரின் கணக்குக்கே வரும். மாதச் சம்பளக்காரரைப் போல வரவுசெலவு பார்க்கப் பழக வேண்டும் என்பது அரசின் வாதம். அதற்கு முன்பே ஆக்ஸ்ஃபர்ட், எடின்பரோ, வேக்ஃபீல்ட் உள்ளிட்ட ஆறு இடங்களில் இதற்கான சோதனை தொடங்கியிருந்தது. முதல் சில தவணைகளில்தான் பாக்கி மிகுதியாக விழுந்தது என்றும், போகப்போக நிலை தேறியது என்றும் அது காட்டியது. ஆனால் ஏழைக் குடும்பத்தை உடைப்பது அந்த முதல் தவணைகள்தான். விண்ணப்பித்து முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். 2018-க்கு முன் அதற்கும் மேல். ஐந்து திங்கட்கிழமைகளில் வாடகை விழுந்துகொண்டிருக்க, வீட்டில் வரவு இருக்காது. அரசு தரும் முன்பணமும் கடன்தான்; பின்னால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள்.

வாரத்தில் ஊன்றிய ஒப்பந்தமும் மாதத்தில் ஊன்றிய உதவியும் ஒரே வீட்டில் மோதுவதுதான் ஐம்பத்து மூன்றாவது திங்கட்கிழமை. இது தவிர்க்க முடியாதது அல்ல என்பதற்குப் ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே சான்று உண்டு. வட அயர்லாந்தில் அதே யுனிவர்சல் கிரெடிட் மாதம் இருமுறை வருகிறது. வாடகைப் பங்கு வழக்கமாகவே வீட்டுக்காரருக்குப் போகிறது. ஸ்காட்லாந்தில் 2017 அக்டோபர் முதல் இவ்விரண்டையும் குடியிருப்பவர் விரும்பிக் கேட்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், தன்னால் பணத்தைச் சமாளிக்க முடியாது என்று காரணம் காட்டிக் கேட்க வேண்டும். இல்லையென்றால், இரண்டு மாத வாடகைக்குச் சமமான பாக்கி சேர்ந்த பிறகு சங்கம் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாத வாடகை என்பது, கட்டாய வெளியேற்றத்துக்கு 1996-ஆம் ஆண்டின் சட்டம் வைத்த எட்டு வாரத்துக்கும் மேல்.