வில்லுக்குப் போன மரம்

(பண்ணை வானொலியில் ஒலிபரப்பான உரை)

விதை நேர்த்தி, மேலுரம், பூச்சிமருந்து என்று பேச வேண்டிய நேரத்தில் வில்லும் அம்பும் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நான் சொல்லப் போகும் வில்லைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அரண்மனைப் பிள்ளைகள் இல்லை. ஏர் பிடித்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், நம்மைப் போன்ற குடியானவர்கள். அந்த வில்லுக்காக ஒரு மரமே காட்டை விட்டுப் போன கதையும் இதில் இருக்கிறது.

இங்கிலாந்து நாட்டு நெடுவில்லைத்தான் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு மேலே நீளம். ஒரே மரத்துண்டு, ஒட்டு இல்லை, இணைப்பு இல்லை. 1346-ஆம் ஆண்டு கிரெசி என்ற இடத்திலும், 1415-இல் அஜின்கோர் என்ற இடத்திலும் பிரான்ஸ் நாட்டுக் குதிரைப்படையை இந்த வில் முறியடித்தது. அஜின்கோர் சண்டை நடந்தது அப்போதுதான் உழுது போட்டிருந்த வயலில். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. இரும்புக் கவசம் போட்ட ஆளும் குதிரையும் அந்தச் சேற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வில்லுக்குக் கிடைத்த பேரில் பாதி அந்த உழுத மண்ணுக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

வில் பிடிப்பது ஒரு மாதத்தில் வருகிற வித்தை இல்லை. அதனால் அரசாங்கமே சட்டம் போட்டது. 1363-இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர், விடுமுறை நாட்களில் உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லாரும் வில் பழக வேண்டும், பந்து விளையாட்டு கூடாது என்று உத்தரவு போட்டார். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், ஏழு வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பையன்களுக்குத் தகப்பன்மார் ஒரு வில்லும் இரண்டு அம்பும் வாங்கித் தர வேண்டும் என்றது.

ஹியூ லாட்டிமர் என்று ஒரு பாதிரியார். பிஷப்பாகவும் இருந்தவர். 1549-இல் ராஜாவின் முன்னால் பிரசங்கம் செய்தபோது தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். சொந்த நிலம் கிடையாது, குத்தகை நிலம்தான். நூறு ஆட்டுக்கு மேய்ச்சல் இருந்ததாம். தாயார் முப்பது மாடு கறப்பாராம். அந்தக் குத்தகைக்காரர்தான் மகனுக்கு வில் பழக்கினார். கை பலத்தால் இழுக்காதே, உடம்பையே வில்லுக்குள் சாய்த்து இழு என்று சொல்லிக் கொடுத்தார். பையனுக்கு வயதும் வலுவும் ஏற ஏற, அதற்குத் தக்கபடி பெரிய வில்லாக வாங்கித் தந்தார். கன்றுக்குட்டியை முதலில் வெறும் நுகத்தில் பழக்கிப் பிறகு ஏரில் பூட்டுகிறோமே, அதே முறைதான்.

வில் எவ்வளவு கனமாக இழுக்கும் என்பதற்கு இப்போது நல்ல சாட்சி இருக்கிறது. 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பல் 1545-இல் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகே மூழ்கியது. 437 வருஷம் சேற்றில் கிடந்து, 1982-இல் வெளியே எடுக்கப்பட்டது. அதிலிருந்து 137 முழு வில்களும், 3,500-க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. வில்லின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதே அளவில் புதிதாகச் செய்து பார்த்துக் கணக்கிட்டபோது, இழுக்க 45 கிலோ முதல் 80 கிலோவுக்கு மேல் வரை பலம் வேண்டியிருந்தது. ஒரு சிமெண்டு மூட்டையை நாணில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. கப்பலில் கிடைத்த எலும்புகளில் சிலவற்றில், சின்ன வயதிலிருந்தே வில் இழுத்ததால் வந்தவையாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதும் மாறுதல்கள் தோளில் தெரிகின்றன.

இனி மரத்துக்கு வருவோம். இதற்குச் சிறந்த மரம் 'யூ' என்பது. ஊசி இலை மரம், குளிர்நாட்டில் வளர்வது. மெதுவாக வளரும், மிக மெதுவாக. இலையும் விதையும் விஷம். மாடோ குதிரையோ கொஞ்சம் தின்றாலும் செத்துப் போகும். அங்கே மேய்ச்சல்காரர்களுக்கு இந்த மரம் ஆகாது.

மாட்டுக்கு ஆகாத மரம் வில்லுக்கு மட்டும் ஏன் அப்படிப் பொருந்துகிறது? வில்லை வளைக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. எதிரியைப் பார்க்கும் வெளிப்பக்கம் இழுபடுகிறது. அதை வில்லின் முதுகு என்பார்கள். நம்மைப் பார்க்கும் உள்பக்கம் நசுங்குகிறது, அது வயிறு. யூ மரத்தின் வெளுப்புக் கட்டை இழுப்பைத் தாங்கும். உள்ளே இருக்கும் சிவந்த சேகு நசுக்கலைத் தாங்கும். மரத்தைப் பிளக்கும்போதே முதுகில் வெளுப்பும் வயிற்றில் சேகுமாக வரும்படி எடுத்தால், இரண்டு மரத்தை ஒட்டினது போல இயற்கையே ஒட்டிக் கொடுத்து விடுகிறது. நம் தச்சர்கள் வெளுப்பைச் செதுக்கி எறிந்துவிட்டுச் சேகை மட்டும் எடுப்பார்கள். இங்கே அப்படிச் செய்தால் வில் போச்சு.

முதுகுப்பக்கம் வளர்ச்சி வளையத்தை வெட்டிவிடக் கூடாது என்பது தலையாய விதி. ஒரு வளையத்தைப் பிடித்தால் நுனி முதல் நுனி வரை அதே வளையத்தில் போக வேண்டும். கணு வந்தால் கணுவோடு மேடாக விட்டுவிட வேண்டும். அழகு பார்த்து இழைத்துச் சமன் செய்தால், நார் அறுந்த அந்த இடத்தில்தான் வில் முறியும்.

பிறகு மாதக்கணக்கில் நிழலில் உலரப் போட்டு, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுப்பார்கள். கொஞ்சம் சீவுவது, நாணைக் கட்டி லேசாக வளைத்துப் பார்ப்பது, எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே மறுபடி சீவுவது. இதில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். கட்டையின் அகலம் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு! பலகையைப் படுக்க வைத்தால் வளைகிறது, நிமிர்த்தி வைத்தால் அசைய மாட்டேன் என்கிறதே, அதுதான் காரணம். ஆகவே கனத்தில் பத்தில் ஒரு பங்கு சீவினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது. வில் செய்பவனுக்குப் பொறுமை வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை.

கைப்பிடி விஷயம் தனிக்கதை. பழைய போர் வில்லில் தனியாகக் கைப்பிடி இல்லை. நடுப்பகுதியும் சேர்ந்து லேசாக வளையும். அதற்கும் வெகுகாலம் முன்பே, டென்மார்க்கில் ஹோல்மகார்ட் என்ற சதுப்பில் 1944-இல் கிடைத்த எல்ம் மரத்து வில்லில் நடுவே ஒடுங்கிய, தடித்த கைப்பிடி இருக்கிறது. அந்த வில்லுக்கு வயது சுமார் ஒன்பதாயிரம் வருஷம். கைப்பிடி விறைப்பாக இருந்தால் கையில் அதிர்ச்சி குறையும். ஆனால் வளையும் நீளமும் குறைவதால் இரு பக்கத்து இறக்கைகளுக்கும் வேலை கூடும்.

இந்தக் கைப்பிடியை முன்தள்ளி வைக்கிற முறை ஒன்று இருக்கிறது. இறக்கைகள் இருக்கும் கோட்டை விடக் கைப்பிடி இலக்கின் பக்கம் சற்று முன்னே நிற்கும். கூடுதல் கட்டையை வயிற்றுப் பக்கம் ஒட்டினால் கை பின்னால் வரும். முதுகுப் பக்கம் ஒட்டி, வயிற்றுப் பக்கம் செதுக்கினால் கை முன்னே போகும். இயல்பாகவே அந்தப் பக்கம் வளைந்த கட்டை கிடைத்தால் ஒட்ட வேண்டிய வேலையே இல்லை. இதனால் என்ன லாபம்? ஆளின் கை நீளம் மாறாது. கைப்பிடி இரண்டு அங்குலம் முன்னே போனால், முழுசாக இழுக்கும்போது இறக்கைகள் இரண்டு அங்குலம் குறைவாகப் பின்னே வந்தால் போதும். மரத்துக்கு நோவு குறைவு, முறிவது குறைவு.

இன்னொரு லாபம், வில் கையில் திருகாது. குச்சியை உள்ளங்கையில் நிறுத்தினால் இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். அதே குச்சியை நுனியில் பிடித்துத் தொங்கவிட்டால் தானாக நேரே நிற்கும். கைப்பிடி முன்னே இருக்கும் வில் தொங்கும் குச்சி மாதிரி; பின்னே இருக்கும் வில் நிறுத்திய குச்சி மாதிரி. நஷ்டமும் உண்டு. மரம் குறைவாக வளைவதால் தேங்கும் பலமும் குறைவு, அம்பின் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். வேகம் வேண்டுமா, நிதானம் வேண்டுமா என்று வில் செய்பவன்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் வில் செய்கிறவனுக்கு நிதானமே நல்லது என்பேன்.

1930-களில் அமெரிக்காவில் ஹிக்மன் என்ற இயற்பியல் அறிஞர் அதிவேகக் காமிரா வைத்துப் படம் எடுத்தும் கணக்குப் போட்டும் இதையெல்லாம் ஆராய்ந்தார். உருண்டை வயிறு கொண்ட ஆங்கில வடிவத்தை விடத் தட்டையான இறக்கைதான் மரத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் காட்டினார்கள். டென்மார்க் சதுப்பில் கிடைத்த வில்லும் தட்டை இறக்கைதான்!

சரி, மரம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை கசக்கிறது. இங்கிலாந்தில் விளைந்த யூ மரம் முரட்டு நார், கணு அதிகம். ஆல்ப்ஸ் மலையின் குளிரில், மெலிந்த மண்ணில், அவதிப்பட்டு வளர்ந்த மரத்துக்கே வளையம் நெருக்கம், நார் நேர். ஆகவே கட்டைகள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தன. அதுவும் போதவில்லை. 1472-இல் ஒரு சட்டம் வந்தது: துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒவ்வொன்றும், ஏற்றி வரும் சரக்கில் ஒரு டன்னுக்கு நான்கு வில் கட்டை வீதம் கொண்டு வர வேண்டும். 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் அதை ஒயின் பீப்பாய்க்குப் பத்து கட்டையாக உயர்த்தினார்.

விலை என்ன ஆயிற்று பாருங்கள். நூறு கட்டை இரண்டு பவுனுக்கு விற்றது, 1483 வாக்கில் எட்டுப் பவுன். 1510-இல் வெனிஸ் நகரத்து வியாபாரிகள் பதினாறு பவுன் வாங்கினார்கள். கட்டை ஒன்றுக்கு மூன்று ஷில்லிங் இரண்டு பென்னி ஆகிறது. 1482-இல் அரசாங்கம் வைத்த உச்சவிலையோ, செய்து முடித்த யூ வில்லுக்கே மூன்று ஷில்லிங் நான்கு பென்னி! கச்சாப் பொருளுக்கு ஒரு விலை, விளைபொருளுக்குக் கட்டுப்பாட்டு விலை என்றால் நடுவில் நிற்பவன் பாடு என்ன என்று கரும்பும் பருத்தியும் போடும் உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

காட்டின் பாடு அதைவிட மோசம். 1507-இலேயே யூ மரம் வெட்டுவதை நிறுத்தும்படி ஜெர்மானியப் பேரரசர் பவேரியாக் கோமகனிடம் கேட்டார். கேட்பார் இல்லை; வருமானம் அப்படி. 1532-இல் வெட்டும் உரிமை கொடுத்தபோது, வழக்கமான எண்ணிக்கை, 'அவ்வளவு மரம் இருந்தால்' என்று நிபந்தனை சேர்க்க வேண்டியிருந்தது. 1562-இல் பவேரியா அரசு தானே பேரரசருக்கு நீண்ட விண்ணப்பம் எழுதியது. அதில் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். யூ மரத்தை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வெட்டியதால் காட்டின் கூரையில் ஓட்டை விழுந்தது. அந்த வழியே காற்று புகுந்து, பக்கத்தில் நின்ற மற்ற மரங்களையும் சாய்த்தது. தோப்பின் மேலண்டை வரிசையில் சில மரத்தை எடுத்துவிட்டு, ஆடிக் காற்றில் உள்ளே நின்ற மரங்களை இழந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

1568-இல் சாக்சனி உரிமை கேட்டபோது கொடுக்கவில்லை. காரணம், வெட்ட மரம் இல்லை. அடுத்த வருஷம் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் அதே நிலைமை. பதினேழாம் நூற்றாண்டின் வனக் கணக்குகளில் அந்தப் பகுதியில் யூ மரத்தின் பேரே காணவில்லை. 1595-இல் இங்கிலாந்து அரசு, பயிற்சிப் படைகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. வில் போனதற்குத் துப்பாக்கி காரணம் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். கட்டைத் தட்டுப்பாட்டையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

யூ மரத்துக்கு இன்னொரு சோதனை பின்னால் வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து புற்றுநோய்க்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். 1992-இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். நல்லவேளையாக, இலையிலிருந்தும் செல் வளர்ப்பு மூலமும் மருந்தை எடுக்க வழி கண்டுபிடித்தார்கள். அதற்குள் நம் இமயமலையில் வளரும் யூ மரமும் நிறைய வெட்டுப்பட்டது; 1995-இல் அதன் வெளிநாட்டு வியாபாரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது.

அன்று மரம் தீர்ந்துபோன அதே பவேரியாவில், பாட்டர்செல் என்ற ஊருக்கு அருகே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூ மரங்கள் கொண்ட ஒரு காடு இன்று இருக்கிறது. 1939-இலிருந்து பாதுகாக்கப்பட்ட இடம். பெரிய மரங்களை இனி யாரும் வெட்ட முடியாது. கன்று தலையெடுப்பதுதான் கஷ்டம். மாட்டைக் கொல்லும் அந்த இலையை மான் மட்டும் ஒன்றும் ஆகாமல் மேய்ந்துவிடுகிறது. யூ மரத்துக் கன்று வளர வேண்டுமானால், முதலில் அதைச் சுற்றி வேலி போட வேண்டியிருக்கிறது.