கார்த்திகைப்பூவின் வளைந்த தம்பம்: திருகோணமலைப் பற்றைக்காடுகளை முன்வைத்து ஓர் உருவவியல் வாதம்

வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டதும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பற்றைக்காடுகளிலும் வேலியோரங்களிலும் கார்த்திகைப்பூக் கொடி ஏறிப் பூக்கிறது. 1753இல் லின்னேயஸ் குளோரியோசா சுப்பர்பா என்று பெயரிட்ட இச்செடியை இனங்காண்பதில் சிக்கலே இல்லை என்பது பொதுவான எண்ணம். ஆனால் அந்த இனங்காணல் பெரும்பாலும் நிறத்தை நம்பி நடக்கிறது. நிறமோ இப்பூவில் நிலைப்பதில்லை. பச்சை மொட்டு விரிந்து மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சில நாட்களில் முழுச் சிவப்பாகிறது. ஒரே கொடியில் கீழ்ப்பூ சிவந்திருக்க மேற்பூ மஞ்சளாயிருக்கும். இவற்றை இரு வகைகளாகப் பிரிப்போர் பூவின் வயதையே வகையென்று கொள்கிறார்கள்.

நிறத்தை நம்புவதன் ஆபத்து பூவற்ற மாதங்களில் தெரியும். வற்றாளையென நினைத்து இதன் கிழங்கை உண்டு உயிரிழந்தோர் இலங்கையில் உண்டு. அதிலுள்ள கொல்ச்சிசின் கலப்பிரிவை நிறுத்திவிடும். இலைநுனி தந்துவாகச் சுருள்வதும், கிழங்கு கலப்பைபோல் கவைத்து வளைவதுமே அப்போதைய அடையாளங்கள்.

பூத்த செடியில் உறுதியான சான்று பூவின் கட்டமைப்புத்தான். பூ தலைகீழாகத் தொங்க, அலைவிளிம்புள்ள ஆறு பூவுறை இதழ்களும் பின்மடிந்து மேல்நோக்கி நிற்கின்றன. ஆறு கேசரங்கள் சுற்றிலும் பரவுகின்றன; அவற்றின் நுனியில் நீண்ட மகரந்தக்கூடுகள் அசைகின்றன. லில்லி வரிசைப் பூக்கள் பலவற்றில் தம்பம் சூலகத்தின் நேர்த்தொடராக நீளும். இங்கே அது அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் பக்கவாட்டாகத் திரும்பி, முப்பிளவுற்ற குறியைக் கேசர வட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுசெல்கிறது. ஆரைச் சமச்சீருடைய பூவொன்றில் இந்த ஓர் உறுப்பு மட்டுமே சமச்சீரைக் குலைக்கிறது. இது தற்செயலாக இருக்க முடியாது.

தன்மகரந்தச் சேர்க்கையைத் தவிர்க்கவே இந்த வளைவு என்ற விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதற்குத் தம்பம் நேராகக் கீழ்நோக்கி நீண்டிருந்தாலே போதும். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் செய்யப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு, வண்ணத்துப்பூச்சிகளின் சிறகுகளே இப்பூவின் மகரந்தத்தைக் காவுகின்றன என்று காட்டியது. தேனை நாடிச் சிறகடிக்கும் பூச்சியின் விரிந்த சிறகு பூவைச் சுற்றியுள்ள மகரந்தக்கூடுகளில் உரசுகிறது. அப்படியானால் குறியும் சிறகு தொடும் அந்த வட்டத்திலேயே இருந்தாக வேண்டும். நடுவில் நின்றால் மகரந்தம் அதை எட்டுவது அரிது. செங்கோண வளைவின் காரணம் இதுவே என்பது என் நிலைப்பாடு.

திருகோணமலையில் இதைச் சோதிக்க உலர்மாதிரித் தாள்கள் மட்டும் போதா. 17ஆம் நூற்றாண்டில் பவுல் ஹெர்மன் இலங்கையில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டுதான் லின்னேயஸ் 1747இல் ‘புளோரா சைலானிக்கா’வை எழுதினார். அந்த மரபுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் அழுத்திக் காயவைத்த பூவில் தொங்குநிலையும் வளைவின் கோணமும் தட்டையாகிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு மாதிரியுடனும் உயிருள்ள பூவின் பக்கவாட்டு ஒளிப்படமும், தம்பத்தின் கோணமும், அது கொடியை நோக்கியதா வெளியை நோக்கியதா என்ற குறிப்பும், பூவின் வயதும் சேர்க்கப்பட வேண்டும். வந்த பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து அணுகியது, அதன் சிறகு முதலில் குறியைத் தொட்டதா மகரந்தக்கூட்டைத் தொட்டதா என்பதையும் களத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.