பின்மண்டையில் ஒரு மேப்: பென்ஷன் கணக்கில் தொடங்கிய மூளை ஆராய்ச்சி

இன்னைக்கு எபிசோட் ஒரு பென்ஷன் கணக்குல ஆரம்பிச்சு, நம்ம ஊர் கம்பெனி கேட்ல வந்து முடியப் போகுது. நடுவுல மூளைக்குள்ள ஒரு சுத்து.

1904-05. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர். தட்சுஜி இனோயே என்ற இளம் ஜப்பானியக் கண் மருத்துவருக்கு ஒரு வேலை வருது. தலையில் குண்டடி பட்டுப் பிழைத்து வந்த வீரர்களுக்குப் பார்வை எவ்வளவு போயிருக்குன்னு அளக்கணும். அதை வச்சுத்தான் பென்ஷன்.

தலையில் குண்டு பாய்ந்தவர் எப்படிப் பிழைத்தார்? காரணம் ரஷ்யர்களின் மோசின்-நகான் துப்பாக்கி. அதன் குண்டு 7.62 மில்லிமீட்டர்தான், ஆனால் வேகம் அதிகம். பழைய காலத்துப் பெரிய குண்டு மண்டையோட்டைச் சிதறடித்துவிடும். இது ஒரு பக்கம் சின்ன ஓட்டை போட்டு நுழைந்து, மறுபக்கம் இன்னொரு சின்ன ஓட்டை வழியாக வெளியே போயிடும். அப்படிப் பிழைத்தவர்களில் சிலருக்குக் கண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பார்வையில் ஒரு துண்டு காணோம்.

இனோயே யோசித்தது இதுதான். நுழைந்த இடம் தெரியும், வெளியேறிய இடமும் தெரியும். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், குண்டு மூளையின் எந்தப் பகுதி வழியாகப் போயிருக்கும்னு கணக்குப் போடலாம். இதற்காகவே தலையில் பொருத்தும் ஒரு அளவுகோல் கருவியை அவர் உருவாக்கினார். ஒரு பக்கம் மூளையில் சேதமான இடம், இன்னொரு பக்கம் பார்வையில் காணாமல் போன துண்டு. ரெண்டையும் பொருத்திப் பார்த்தார். டாக்குமென்டேஷனே இல்லாத பழைய கோடை நாமும் இப்படித்தானே புரிஞ்சுக்கறோம்? எந்த வரி உடைஞ்சா எந்த வசதி போகுதுன்னு பார்த்து. வித்தியாசம் என்னன்னா, இங்கே உடைந்தது மனிதர்கள்.

இப்படி 29 வீரர்களின் விவரங்களை வைத்து, 1909-ல் ஜெர்மன் மொழியில் புத்தகம் வெளியிட்டார். அது முழுசா இங்கிலீஷுக்கு வந்தது 2000-ல்தான்.

அந்த மேப் என்ன சொல்லுது? முதல் விஷயம், நாம் பார்ப்பது கண்ணில் முடிந்துவிடுவதில்லை. கண் தரும் தகவல் பின்மண்டைக்குப் போகுது. அங்கே கால்கரைன் என்று ஒரு பிளவு இருக்கு, அதன் ரெண்டு கரையிலும்தான் பார்வையின் முதல் மேப் விரிஞ்சிருக்கு. நீங்க நேராப் பார்க்கும்போது இடது பக்கம் தெரிவதெல்லாம் வலது மூளைக்குப் போகும், வலது பக்கம் தெரிவது இடது மூளைக்கு. மேலே தெரிவது கீழ்க்கரையில், கீழே தெரிவது மேல்க்கரையில். இடது கண்ணுக்கு இடது பாதி, வலது கண்ணுக்கு வலது பாதின்னு நினைக்காதீங்க. ரெண்டு கண்ணும் சேர்ந்துதான் இடது, வலதுன்னு பிரியுது. இது ரொம்ப முக்கியம், கடைசியில் திரும்ப வரும்.

ரெண்டாவது, அந்த மேப் சமமா வரைஞ்சதில்லை. நேராக உற்றுப் பார்க்கும் மையப் பகுதிக்கு மூளை அள்ளிக் கொடுத்திருக்கு. திருவள்ளூர் மாவட்ட மேப்ல பஸ் ஸ்டாண்டும் அதைச் சுத்தி நாலு தெருவும் மட்டும் பாதிப் பேப்பரை எடுத்துக்கிட்டு, ஆவடி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் மீதிப் பாதியில நெருக்கி உக்காந்திருந்தா எப்படி இருக்கும்? அப்படி.

அடுத்து முதல் உலகப் போர். பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், பின்மண்டையில் அடிபட்ட வீரர்களைச் சோதித்து 1916, 1918-ல் வெளியிட்ட மேப்தான் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியது. 1991-ல் ஹார்டன், ஹாய்ட் என்ற ரெண்டு பேர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை வைத்து அதைச் சரிபார்த்தார்கள். மேப்பின் அமைப்பு சரி, ஆனால் மையப் பகுதிக்கு ஹோம்ஸ் கொடுத்த இடம் போதாது என்று தெரிந்தது. கையை நேரா நீட்டி ரெண்டு முஷ்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கோங்க. கிட்டத்தட்ட அந்த அகலத்துக்குள் அடங்கும் ஒரு வட்டம்தான், பின்மண்டை மேப்பில் பாதிக்கும் மேல்.

சரி, ஒரு கேள்வி வரணும். பார்வையில ஓட்டை விழுந்தா அந்த ஆளுக்கே தெரியாதா? அதை ஏன் ஒரு டாக்டர் உக்காந்து அளக்கணும்?

இங்கேதான் நம்ம ஊர்க்காரர் வர்றார். வி.எஸ். ராமச்சந்திரன். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., கேம்பிரிட்ஜில் பி.எச்.டி., அப்புறம் கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகம். வெட்டுப்பட்ட கை இன்னும் இருக்கிற மாதிரி உணர்பவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவர் பேரைக் கேட்டிருப்பீங்க. ஆனா அவர் ஆரம்பத்திலிருந்தே பார்வையை ஆராய்ந்தவர்.

1998-ல் வந்த ‘ஃபான்டம்ஸ் இன் தி பிரெய்ன்’ புத்தகத்தில் ஜோஷ் என்ற பெயரில் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். முப்பதுகளில் இருக்கும் ஆள். தொழிற்சாலை விபத்தில் ஒரு இரும்புக் கம்பி பின்மண்டைக்குள் பாய்ந்து, வலது பக்கப் பார்வை மேப்பில் ஓட்டை போட்டுவிட்டது. கண் ரெண்டும் நல்லா இருக்கு. ஆனால் நேராப் பார்க்கும்போது, இடது பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு எதுவும் தெரியாது.

அந்த இடத்துல கறுப்பா ஒரு ஓட்டை தெரியுமா? தெரியாது, அதுதான் விஷயம். ‘விமன்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையில் முதல் ரெண்டு எழுத்து அந்த இடத்தில் விழுந்தால், மிச்சம் ‘மென்’ மட்டும்தான் அவருக்குத் தெரியும். அப்படி பெண்கள் கழிப்பறைக்குள் போய் நின்றிருக்கிறார். ரெண்டு எழுத்து காணோம்னு அவர் மூளை அவருக்குச் சொல்லவே இல்லை.

ராமச்சந்திரன் அவருக்குச் சில படங்களைக் காட்டினார். தெரியாத இடத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. சில நொடிகளில் ரெண்டும் நடுவே நீண்டு ஒரே கோடாகச் சேருவதாக ஜோஷ் சொன்னார். சிவப்புப் பின்னணியில் மினுக்கும் கறுப்புப் புள்ளிகளைக் காட்டினால், ஓட்டைக்குள் முதலில் சிவப்பு பரவியது, புள்ளிகள் கொஞ்சம் தாமதமாக வந்தன. நிறத்தையும் அசைவையும் மூளையில் வெவ்வேறு பகுதிகள் கவனிக்கின்றன, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் நிரப்புகிறது என்பதற்கு இது ஒரு அடையாளம். ஃபார்ம்ல ஒரு கட்டத்தை ஆட்டோஃபில் நிரப்பிட்டா, அது காலியா இருந்ததே நமக்குத் தெரியாம போயிடும் பாருங்க, அந்த மாதிரி.

இப்போ இதை நம்ம பக்கம் கொண்டு வருவோம். மணவாள நகர்ல இருந்து ஷிப்டுக்குக் கிளம்பற ஒருத்தர். காக்களூர் எஸ்டேட்டோ, கும்மிடிப்பூண்டியோ. பைக்ல பின்பக்கமா விழறார், இல்ல வேலை செய்யற இடத்துல பின்மண்டையில அடி. உயிர் தப்பிச்சாச்சு. கண் டெஸ்ட் சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிக்கிறார். ‘கண்ணு நல்லா இருக்கு’ன்னு எல்லாரும் சொல்றாங்க. அவரும் நம்பறார். ஆனா பார்வையில ஒரு பாதியே போயிருந்தாலும் அந்த சார்ட்டைப் படிச்சிட முடியும். ஏன்னா சார்ட் சோதிப்பது மையப் பார்வையின் கூர்மையை மட்டும்தான். அப்புறம் பார்த்தா, ஒரே பக்கமா கதவு நிலையில இடிச்சுக்கறார், பேப்பர் படிக்கும்போது வரியோட தொடக்கத்தை விட்டுடறார், இடது பக்கமா வர்ற வண்டி திடீர்னு முளைச்ச மாதிரி இருக்குங்கறார். வீட்ல சொல்றது, ‘கவனமே இல்ல உனக்கு.’

இழப்பீட்டுக் கணக்கும் இதே இடத்தில்தான் தடுமாறும். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் ஒரு கண்ணையே இழந்தால் 40 சதவீதம், ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். கண் கண்ணாக எண்ணும் கணக்கு அது. மூளையில் அடிபட்டவருக்கோ ரெண்டு கண்ணும் இருக்கு, ரெண்டிலும் அதே பக்கம் காணோம். முன்னாடி முக்கியம்னு சொன்னேனே, அது இதுதான். பட்டியலில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்ததுன்னு மருத்துவர்தான் மதிப்பிடணும் என்றும் அதே சட்டம் சொன்னது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ கூர்மையோடு பார்வைப் பரப்பையும் கணக்கில் எடுக்குது. ஆக வழி இருக்கு. ஆனா முதல்ல யாராவது அளக்கணும்.

அளப்பதும் பெரிய வேலை இல்லை. ‘ஃபீல்டு டெஸ்ட்’னு கேட்டா கண் ஆஸ்பத்திரியில தெரியும். ஒரு கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் நேராப் பார்த்துக்கிட்டு, அங்கங்கே மின்னும் வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கணும். எந்த இடத்துல அமுக்கலையோ, அந்த இடம் பேப்பர்ல கறுப்பா வரும். அந்த ஆளுக்கே தெரியாத ஓட்டை, முதல் தடவையா அவர் கண் முன்னாடி.

இனோயே செய்ததும் அடிப்படையில் இதுதான். பார்வைக்கான மேப்பை உலகம் முதலில் தெளிவாகப் பார்த்தது, 29 பேருக்குச் சேரவேண்டியதைச் சரியாக் கணக்குப் போடணும்னு ஒருத்தர் மெனக்கெட்டதால். அதனால உங்க வீட்லயோ கம்பெனியிலயோ யாருக்காவது பின்மண்டையில பலமா அடிபட்டா, ஸ்கேன் எடுத்தாச்சு, சார்ட் படிச்சாச்சுன்னு விட்டுடாதீங்க. ஃபீல்டு டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க. அடிபட்டவர் அதைத் தானா கேக்க மாட்டார். அவருக்குத்தான் எல்லாம் முழுசாத் தெரியுதே.