அமீரின் சட்டி

கஞ்சாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும் பகுதி அதை உண்டவர்கள் எழுதியது. மீதி, உண்டவர்களைத் தண்டிக்க விரும்பியவர்கள் எழுதியது. சமைத்தவன் எழுதியது அநேகமாக இல்லை. போதைக்கென்று இலக்கியத்தில் ஒரு மரபே உண்டாகியிருக்கிறது. காலம் நீள்வதும் நிறங்கள் ஒலிப்பதும் தன்னிலை கரைவதும் அந்த மரபின் வாய்ப்பாடுகள். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஓர் அடுப்பும் சட்டியும் இருந்தன என்பதை மரபு மறந்துவிட்டது. அந்தச் சட்டியைப் பற்றியது இக்கட்டுரை.

பச்சைக் கஞ்சாவை அப்படியே மென்று தின்றால் பெரிதாக ஒன்றும் நேராது. அதில் இருப்பது போதை தராத ஓர் அமிலம். சூடு பட்டால்தான் அது கரியமில வாயுவை விட்டுவிட்டு, போதை தரும் டெட்ரா ஹைட்ரோ கன்னாபினாலாக மாறுகிறது. இந்தப் பொருளின் அமைப்பை யெஹியேல் காவொனியும் ரஃபாயேல் மெஷூலமும் இஸ்ரேலில் கண்டறிந்தது 1964இல். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆக, உண்ணும் கஞ்சாவுக்கு இரண்டு காரியங்கள் தேவை: சூடு, கொழுப்பு. ரசாயனம் இதைச் சொல்வதற்கு வெகு காலம் முன்பே சமையலறை இதைச் செய்துகொண்டிருந்தது. காரணம் தெரியாமல் செய்ததால் அது அறிவாகாது என்று நினைப்பது ஒரு பழக்கம், அவ்வளவே.

அந்த அறிவு அச்சில் ஏறிய இடம் கல்கத்தா. வில்லியம் ப்ரூக் ஓஷாக்னெஸி 1809இல் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தவர். 1833இல் கம்பெனி மருத்துவராக வங்காளம் வந்தார். 1835இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்தார். இந்தியச் சணலின் பக்குவங்களைப் பற்றி அவர் 1839இல் வெளியிட்ட ஆய்வுதான் மேற்கத்திய மருத்துவத்துக்குள் கஞ்சாவைக் கொண்டுபோயிற்று. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வாத நோய், இசிவு, வெறிநாய்க்கடி, காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார். வெறிநாய்க்கடியை அது குணப்படுத்தவில்லை, சாவைச் சற்றுச் சாந்தமாக்கியது என்று மறைக்காமல் எழுதினார். இதே மனிதர் பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவர் என்பது தனிக் கதை.

மாஜூன் என்ற இனிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கு அவர் ஏடுகளை மட்டும் நம்பவில்லை. கல்கத்தாவில் கஞ்சாப் பிரியர்கள் கூடும் பேர்பெற்ற ஓர் இடத்தை நடத்திவந்த அமீர் என்பவரைக் கேட்டார். அந்தத் தொழிலில் தலைசிறந்த கலைஞர் என்று அவரைக் குறிப்பிட்டே எழுதினார். ஒரு காலனிய விஞ்ஞானக் கட்டுரையில் கடைவீதிச் சமையற்காரர் ஒருவர் பெயரோடு இடம்பெற்றிருப்பது சாதாரணம் அல்ல.

அமீரின் முறை இது. சித்தி என்று அங்கே அழைக்கப்பட்ட இலை, அதே எடை நெய், கொஞ்சம் தண்ணீர். மண் சட்டியிலோ ஈயம் பூசிய பாத்திரத்திலோ கரி அடுப்பில் ஏற்றி, கை ஓயாமல் கிண்ட வேண்டும். நீர் வற்றி, சட்டியின் ஓரத்தில் நெய் சடசடக்கும். அதுதான் அடையாளம். உடனே இறக்கி, சூட்டோடு துணியில் பிழிந்து, சக்கையை எறிய வேண்டும். பச்சையாக இறங்கும் நெய் உறைந்தபின் அதைத் தண்ணீரில், நிறம் போவது நிற்கும்வரை கையால் பிசைந்து கழுவ வேண்டும். கடைசியில் வெளிறிய பச்சைக் களிம்பு மிஞ்சும். பிறகு சர்க்கரைப் பாகு. பால் விட்டு அழுக்கு எடுத்து, பதம் வந்ததும் களிம்பைச் சேர்த்துத் தட்டில் கொட்டி வில்லை போடுவது.

வெண்ணெய் உருக்கத் தெரிந்த எந்த வீட்டிலும் அந்தச் சடசடப்பின் பொருள் தெரியும். சட்டியில் நீர் இருக்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது, இலை கருகாது. நீர் போனதும் சூடு தாவும். அந்தக் கணத்தில் இறக்காவிட்டால் எல்லாம் கெடும். அமீரிடம் வெப்பமானி இல்லை, காது இருந்தது. கழுவிய நீரைக் குடித்தால் தொண்டை அடைக்கும், வலி வரும், ஆபத்து என்று அவர் சொன்னதை ஓஷாக்னெஸி அப்படியே பதிவு செய்கிறார். அந்தக் கருத்தை இன்றைய ரசாயனம் எளிதில் ஏற்காது. ஆனால் கழுவுவதால் வேண்டிய பொருள் போய்விடாது, அது நெய்யில் தங்கும் என்பதை ஏற்கும். ஆயுர்வேதத்திலும் இந்த இலைக்குச் சுத்தி உண்டு: நீரில் அலசி, உலர்த்தி, பசு நெய்யில் வறுப்பது. லேகியம் கிண்டியவர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல. பதம் என்ற ஒரு சொல்லில் நாம் அடக்கிவிடும் அறிவு இது. அடக்கிவிடுவதாலேயே அது எழுத்துக்கு வராமலும் போகிறது.

இதே ஆண்டுகளில் பாரிஸில் வேறொரு வாசல் திறந்தது. மனநோய் மருத்துவர் ஜாக்-ஜோசப் மொரோ கீழை நாடுகளில் பயணம் செய்து ஹஷீஷைக் கற்றுவந்தவர். பைத்தியத்தை உள்ளிருந்து அறிய அதுவே வழி என்று நம்பித் தானே உண்டார். 1845இல் நூல் எழுதினார். சேன் நதித் தீவில் ஒத்தேல் பிமொதான் மாளிகையில் கூடிய எழுத்தாளர்களுக்கு அவர் கொடுத்தது தாவமெஸ்க் என்ற களிம்பு. தெயோஃபில் கோத்தியே அந்தக் கூட்டத்தை 1846இல் எழுதிப் பிரசித்தமாக்கினார். அவர் வர்ணனையில் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். களிம்பை உண்டபின் விருந்து நடக்கிறது. விருந்து முடியும் தறுவாயில்தான் உலகம் உருமாறத் தொடங்குகிறது. இது கதைக்கான உத்தி அல்ல, வயிற்றின் கணக்கு. புகைத்தால் நிமிஷங்களில் ஏறுவது, உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதிக்கும். ஈரல் அதை இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றிய பிறகே பெரும் பகுதி மூளைக்குப் போகிறது. ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொரு துண்டு தின்பவன்தான் எல்லா ஊரிலும் மாட்டிக்கொள்கிறான். கோத்தியேயின் பூதங்களில் எத்தனை கற்பனையில் பிறந்தவை, எத்தனை அளவு தெரியாமல் பிறந்தவை என்று கேட்க விமர்சனம் இதுவரை துணியவில்லை.

போத்லேர் வேறு மாதிரி. 1860இல் வெளிவந்த 'செயற்கைச் சொர்க்கங்கள்' நூலில் அவர் முதலில் பக்குவத்தைச் சொல்கிறார்: செடியின் நுனிகளை வெண்ணெயிலும் சிறிது நீரிலும் கொதிக்கவைத்து நீர் வற்றியபின் கிடைக்கும் பச்சைக் களிம்பு, அதன் நாற்றத்தை மறைக்க அரேபியர் சர்க்கரையும் வனிலா, பட்டை போன்ற வாசனைகளும் சேர்த்துச் செய்த தாவமெஸ்க். கல்கத்தா அமீரின் சட்டிதான், பெயர் மட்டும் இல்லை. இதற்குப் பிறகு அவர் வைக்கும் வழக்கு பிரசித்தம்: ஹஷீஷ் மனிதனுக்கு அவனிடம் இல்லாத எதையும் தருவதில்லை, சித்தத்தின் உறுதியைத் தின்றுவிடுகிறது, உழைத்துப் பெறவேண்டிய சொர்க்கத்தை மருந்துக்கடையில் வாங்கப் பார்ப்பது கவிஞனுக்கு இழிவு. கலையின் ஒழுக்கம் பற்றிய வாதமாக இதை மறுப்பது கடினம். ஆனால் உழைப்பில்லாத சொர்க்கம் என்பது உண்டவனின் பார்வை. உழைப்பு அங்கே இல்லாமலில்லை. வேறொருவன் கையில் இருந்தது.

இந்தியாவில் ஆங்கில அரசு 1893இல் ஒரு கமிஷன் அமைத்தது. மாக்வொர்த் யங் தலைமையில் அது 1,193 சாட்சிகளை விசாரித்து 1894இல் அறிக்கை தந்தது. மிதமான உபயோகத்தால் அநேகமாகத் தீங்கில்லை என்பதும், முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பதும் அதன் முடிவு. அரசின் கலால் வருமானம் இந்த நிதானத்துக்கு எவ்வளவு காரணம் என்று சந்தேகிப்பவர்கள் சந்தேகிக்கலாம். ஆனால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அந்தத் தொகுதிகளில் இருக்கிறது. என்ன பக்குவத்தில் உண்கிறீர்கள், எதைக் கலக்கிறீர்கள் என்று மாகாணம் மாகாணமாகக் கேட்டார்கள். ஊமத்தை கலக்கும் விஷயமும் அங்கே வருகிறது. சமைத்தவன் நேர்மையானவனா என்பதுதான் உண்பவனின் உயிர்ப் பிரச்சினை என்பதைக் கோத்தியேயைவிட அந்த வறண்ட அறிக்கை நன்றாக அறிந்திருந்தது.

இனி நவீனத்துவத்தின் சமையலறைக்கு வரலாம். கெர்ட்ரூட் ஸ்டைன் 1946இல் இறந்தபின், அவருடைய வாழ்நாள் துணை ஆலிஸ் பி. டோக்லாஸ் 1954இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். நண்பர்கள் அனுப்பிய குறிப்புகளுக்கென்று அதில் ஓர் அத்தியாயம். டாஞ்சியரில் வாழ்ந்த ஓவியர் ப்ரயன் கைஸின் ஒரு ஹஷீஷ் இனிப்பை அனுப்பியிருந்தார். சில ஆண்டுகளில் சொற்களை வெட்டி ஒட்டும் உத்தியை வில்லியம் பர்ரோஸுக்குக் காட்டிக்கொடுத்தவரும் இவரே. லண்டன் பதிப்பில் குறிப்பு வந்தது. நியூயார்க் பதிப்பில் ஹார்ப்பர் நிறுவனம் அதை நீக்கிவிட்டது. நீக்கியதாலேயே பிரசித்தமாயிற்று. 1967இல் டோக்லாஸ் இறந்தார். அடுத்த ஆண்டு பீட்டர் செல்லர்ஸ் நடித்த ஒரு படம் அவர் பெயரைத் தலைப்பில் சுமந்து வந்து, கஞ்சா ப்ரௌனியை உலகம் முழுவதும் அவர் கணக்கில் எழுதிவிட்டது.

குறிப்பை வாசித்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. அது ப்ரௌனியே அல்ல. மாவு இல்லை, அடுப்பும் இல்லை. மிளகு, ஜாதிக்காய், பட்டை, கொத்தமல்லி விதையை இடித்து, பேரீச்சை, அத்தி, பாதாம், வேர்க்கடலையோடு பிசைந்து, உலர்ந்த செடியைப் பொடித்துத் தூவி உருண்டை பிடிப்பது. வெண்ணெய் உண்டு, ஆனால் சர்க்கரை கரைக்க. இலை அதில் காயவில்லை. அதாவது அமீர் காது கொடுத்துக் காத்திருந்த அந்த ஒரே கட்டம் இதில் இல்லை. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளில் குறிப்பு நளினமாகிவிட்டது, நகைச்சுவையும் சேர்ந்தது. பதம் மட்டும் போய்விட்டது. மேற்கின் நினைவில் இந்த வகை உணவின் மூலநூலாக நிற்பது, அச்சில் உள்ளபடியே செய்தால் உரிய பலன் தராத ஒரு குறிப்பு. இலக்கியப் புகழ் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

சட்டத்துக்கும் ஒரு சமையல் கண்ணோட்டம் உண்டு. 1961இன் சர்வதேச ஒப்பந்தமும் அதையொட்டி 1985இல் வந்த இந்தியச் சட்டமும் செடியை இரண்டாகப் பிரித்தன. பூவும் காயும் கொண்ட நுனி கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. பூவை வீட்டில் பக்குவப்படுத்துவது இந்தியாவில் குற்றம். வட மாநிலங்கள் சிலவற்றில் பாங்குக் கடை அரசு உரிமத்தோடு நடக்கிறது. அமீரின் சித்தி இந்தக் கோட்டின் இலைப் பக்கம் விழக்கூடும். ஆனால் நெய்யில் காய்ச்சிக் கழுவிச் செறிவாக்கியபின் இலையா பூவா என்பதைவிட எவ்வளவு என்பதே கேள்வி. அளவைக் கேட்பது சமையற்காரனின் பழக்கம். சட்டத்தின் பழக்கம் வேறு.

மேரி ஜேன் ராத்பன் 1922இல் பிறந்தவர். உணவு விடுதிகளில் பரிமாறிப் பிழைத்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் வீட்டில் ப்ரௌனி செய்து விற்று 1981இல் முதல் முறை கைதானார். சமூக சேவை செய்யும்படி நீதிமன்றம் தண்டனை விதித்தது. அந்தச் சேவைதான் அவரை எய்ட்ஸ் நோயாளிகளிடம் கொண்டுசேர்த்தது. சோறு இறங்காமல், குமட்டலில் வற்றிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அவர் இலவசமாகச் செய்து கொடுக்கத் தொடங்கினார். 1982இலும் 1992இலும் மறுபடி கைதானார். நகரம் 1991இல் வாக்கெடுப்பில் அவர் பக்கம் நின்றது. 1996இல் கலிஃபோர்னியா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. 1999இல் இறந்தார். சட்டம் முழுக்க அனுமதிக்கும்வரை தம் ப்ரௌனியின் செய்முறையைத் தருவதில்லை என்று சொல்லிவந்தார்.

டோக்லாஸ் பிறர் குறிப்பை அச்சில் தந்தார்; மேரி தம் குறிப்பை அச்சுக்குத் தரவில்லை. முதலாவது இலக்கிய வரலாறாயிற்று. இரண்டாவது சில ஆயிரம் தட்டுகளாகி நோயாளிகளின் வயிற்றில் போய் முடிந்தது. ஓஷாக்னெஸி அமீரிடம் போய் நின்றதும் இப்படி ஒரு காரணத்துக்காகத்தான். வலிப்பு வந்த குழந்தையும் இசிவில் விறைத்த உடம்பும் அவர் முன்னால் இருந்தன. தரிசனம் வேண்டி அவர் அந்தச் சட்டியைப் பார்க்கவில்லை.

போதை இலக்கியத்தை நாம் வாசித்த விதத்தைத் திருத்திக்கொள்ள இது போதும். கனவு கண்டவன் பெயர் நமக்குத் தெரியும். களிம்பைக் கிண்டியவன் பெயரை, ஒரு மருத்துவர் கேட்டு எழுதிவைத்ததால், ஒரே ஓர் இடத்தில் தெரியும். மற்ற இடங்களில் யாரும் கேட்கவில்லை.